ஸ்கேனில் தெரியும் கிழிசலும் தோளில் தெரியும் வலியும்

"கிழிஞ்சு போனதை எக்சர்சைஸ் எப்படிங்க ஒட்டவைக்கும்?" எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் கையுமாக பிசியோவிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி இது. ரிப்போர்ட்டில் 'சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில் பகுதிக் கிழிசல்' என்ற வரிக்குக் கீழே, அதாவது கையைத் தூக்க உதவும் ஒரு தோள்தசையை எலும்போடு இணைக்கும் நாண் பாதி கிழிந்திருக்கிறது என்ற வரிக்குக் கீழே, பேனாவால் கோடு போட்டிருக்கும். நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: ஒட்டவைக்காது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, வலி அடங்கி, கை தலைக்கு மேலே போக ஆரம்பித்த பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்தால் கிழிசல் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். அப்படியானால் குணமானது எது? தோள் சிகிச்சையில் இருக்கிற எல்லோரையும் இந்தக் கேள்வி விடாமல் துரத்த வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதற்கு வழக்கமாகச் சொல்லப்பட்டு வந்த பதில்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டுவிட்டன. முதலில் அறுவை சிகிச்சை நிபுணர்களின் பதில். பிறகு பிசியோதெரபிஸ்டுகளாகிய நம்முடைய பதில்.

வலியே இல்லாத தோள்களிலிருந்து தொடங்கலாம். 1995-இல் ஷெர் குழுவினர் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்கு ரொட்டேட்டர் கஃபில், அதாவது தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்களில், கிழிசல் இருந்தது. அதில் ஏறக்குறைய பாதி முழுக் கிழிசல். 2011-இல் கிரீஷ் குழுவினர் 40 முதல் 70 வயது வரையுள்ள, வலியில்லாத 51 ஆண்களின் தோள்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 96 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது: பர்சா என்ற, உராய்வைக் குறைக்கும் சின்னத் திரவப் பை தடித்திருந்தது, தோள்முனை மூட்டு தேய்ந்திருந்தது, தசைநாணின் தன்மை மாறியிருந்தது. அந்த ரிப்போர்ட்டுகளில் ஒன்றை, வலியோடு வந்த ஒருவரின் கவருக்குள் போட்டிருந்தால் 'காரணம் கிடைத்துவிட்டது' என்று எல்லோரும் நிம்மதியாகியிருப்போம்.

இதன் மறுபக்கம் இன்னும் யோசிக்கவைப்பது. 2004-இல் கலாட்ஸ் குழுவினர், பெரிய கிழிசல்களை ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூலம் தைத்த 18 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குப் பின் அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது 17 பேருக்குக் கிழிசல் மறுபடி திறந்திருந்தது. ஆனால் அந்த ஓராண்டு முடிவில் அவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது, கையும் நன்றாகவே வேலை செய்தது. தையல் விட்டுப்போனது தோளுக்குத் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் அவர்களுடைய மதிப்பெண்கள் கொஞ்சம் இறங்கின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நார்வேயில் மூஸ்மேயர் குழுவினர் சிறிய, நடுத்தரக் கிழிசல் உள்ள 103 பேரைத் தையல், பிசியோ என இரண்டாகப் பிரித்துப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, தைத்துக்கொண்டவர்களின் நிலை ஓரளவு மேலாகவே இருந்தது. ஆகவே கிழிசல் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கிழிசலும் வலியும் ஒன்றல்ல. அவ்வளவுதான்.

எலும்பைச் சீவாமலே

அறுவை நிபுணர்களின் பதில் உரசல் கோட்பாடு. அது அமெரிக்க அறுவை நிபுணர் சார்லஸ் நீர் 1972-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. கையைத் தூக்கும்போது, தோளின் கூரைபோல இருக்கிற அக்ரோமியன் எலும்பின் முன்விளிம்பு, அதற்குக் கீழே ஓடும் தசைநாணை உரசுகிறது; உரசி உரசி வீக்கம், பிறகு நைவு, கடைசியில் கிழிசல். எனவே அந்த விளிம்பைச் சீவி இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும். ரொட்டேட்டர் கஃப் கிழிசல்களில் 95 சதவீதத்துக்கு இந்த உரசல்தான் காரணம் என்று 1983-இல் அவர் எழுதினார். ஒரு படம் வரைந்து காட்டினால் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விளக்கம். இவ்வளவு சுலபமாகப் புரிந்ததே அதன் பலமாகிவிட்டது என்று தோன்றுகிறது. தோளுக்குள் பார்த்தவர்களுக்கு ஒரு முரண் எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது: பகுதிக் கிழிசல்களில் பெரும்பாலானவை தசைநாணின் அடிப்பக்கத்தில், மூட்டைப் பார்த்த பக்கத்தில் தொடங்குகின்றன. மேலேயிருந்து எலும்பு உரசினால் மேற்பக்கம் அல்லவா முதலில் நைய வேண்டும்? இந்தக் கேள்வி ஆய்வுக் கட்டுரைகளில் கிடந்தது. அறுவை அரங்குகளில் எலும்பு சீவுவது தொடர்ந்தது.

உரசல் விளக்கத்தை உண்மையாகவே சோதித்துப் பார்த்த ஆய்வு பிரிட்டனில் நடந்தது. சீசா என்று பெயர். 32 மருத்துவமனைகள், 313 நோயாளிகள். எல்லோருக்கும் குறைந்தது மூன்று மாதமாக வலி. பிசியோவும் ஸ்டீராய்டு ஊசியும் பார்த்தாகிவிட்டது. முழுக் கிழிசல் யாருக்கும் கிடையாது. அதாவது அறுவைக்கு என்றே ஒதுக்கி வைக்கப்பட்ட ஆட்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முறையாக எலும்பு சீவப்பட்டது. இரண்டாவது குழுவுக்கு அதே மயக்க மருந்து, அதே துளைகள், அதே கேமரா. மூட்டையும் பர்சாவையும் பார்த்துவிட்டு எதையும் வெட்டாமல் வெளியே வந்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. லான்செட் இதழ் 2018-இல் அச்சிட்ட முடிவு இது: ஆறாம் மாதத்தில், 48-க்கு மதிப்பிடும் ஆக்ஸ்ஃபோர்டு தோள் அளவுகோலில், எலும்பு சீவிக்கொண்டவர்கள் 32.7. வெறும் கேமரா மட்டும் போய்வந்தவர்கள் 34.2. எதுவுமே செய்யாதவர்கள் 29.4.

இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். சீவியதும் சீவாததும் ஒன்றாகவே முடிந்திருக்கின்றன. எதுவும் செய்யாதவர்களைவிட இரண்டும் சற்று மேல். ஆனால் நோயாளி தன் அன்றாடத்தில் உணரக்கூடிய அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. அந்தச் சின்ன வித்தியாசமும் எங்கிருந்து வந்திருக்கும்? எலும்பிலிருந்து வரவில்லை என்பது உறுதி. கேமரா மட்டும் போன தோளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உப்புநீரால் கழுவப்பட்டது. சில நாள் கட்டாய ஓய்வு கிடைத்தது. பிறகு 'இனி கொஞ்சம் கொஞ்சமாகக் கையைப் பயன்படுத்துங்கள்' என்ற அனுமதி கிடைத்தது, வழக்கமான சில பிசியோ அமர்வுகளோடு. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருந்த கோளாறைச் சரிசெய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை. கையைத் தூக்கினால் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்ற பயத்தோடு மாதக்கணக்கில் கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தவர், இப்போது பயமில்லாமல் தூக்குகிறார். பின்லாந்தில் 210 பேரோடு நடந்த இன்னொரு ஆய்வு அதே 2018-இல் வெளியானது. பிளாசிபோ அறுவையைவிட, அதாவது உள்ளே பார்த்துவிட்டு எதையும் சீவாமல் வரும் பாவனை அறுவையைவிட, எலும்பு சீவல் பெரிதாக எதையும் தரவில்லை என்பதை அது இரண்டாண்டுக் கணக்கிலும் காட்டியது. 2019-இல் பிஎம்ஜே இதழின் வழிகாட்டுக் குழு, இந்த வகைத் தோள்வலிக்கு எலும்பு சீவும் அறுவை வேண்டாம் என்று உறுதியாகவே பரிந்துரைத்தது.

கைதட்டிய பிறகு

பிசியோ உலகம் அந்த முடிவுகளைக் கொண்டாடியது. மாநாட்டு மேடைகளில் அந்த வரைபடங்கள் தவறாமல் இடம்பிடித்தன. 2021-இல் அதே லான்செட்டில் கிராஸ்ப் ஆய்வு வந்தபோது அந்தச் சத்தம் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். கிராஸ்பில் ரொட்டேட்டர் கஃப் சார்ந்த தோள்வலியுள்ள 708 பேர். ஒரு பாதிப் பேருக்கு, பிசியோதெரபிஸ்டோடு 16 வாரங்களில் ஆறு அமர்வுகள் வரை, படிப்படியாகச் சுமை கூட்டும் பயிற்சி. மறு பாதிக்கு ஒரே ஒரு அமர்வு, அதிகபட்சம் ஒரு மணி நேரம்: விளக்கம், சில எளிய பயிற்சிகள், கையேடு, வீடியோ. பிறகு அவரவர் வீட்டில் அவரவராகச் செய்துகொள்ள வேண்டியது. ஓராண்டுக் கணக்கில், நூறுக்கு மதிப்பிடும் அளவுகோலில் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லை. இரு பக்கத்திலும் சிலருக்கு ஸ்டீராய்டு ஊசியும் போடப்பட்டது. எட்டாவது வாரத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது, ஓராண்டில் அதுவும் கரைந்துவிட்டது.

அறுவை நிபுணர்களுக்கு ஓர் அளவுகோல், நமக்கு ஓர் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது. சீசா சொன்னதை ஏற்றுக்கொண்டால் கிராஸ்ப் சொல்வதையும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் அது என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் படிக்க வேண்டும். பயிற்சி வீண் என்று அது சொல்லவில்லை. இரண்டு குழுவுக்குமே பயிற்சி இருந்தது. இரண்டு குழுவுமே தேறின. ஆறு முறை வரவழைப்பதால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை என்பதைத்தான் அது காட்டியது.

இதற்குப் பக்கத்தில் வேறு மூன்று ஆய்வுகளை வைத்தால் படம் தெளிகிறது. 2012-இல் ஸ்வீடனில் ஹோல்ம்கிரென் குழுவினர், அறுவைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்குக் கஃப் தசைகளுக்கும் தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளுக்கும் சுமையோடு கூடிய குறிப்பிட்ட பயிற்சிகள். மறு குழுவுக்குச் சுமையில்லாத பொதுவான கழுத்து, தோள் அசைவுகள். பன்னிரண்டு வாரம் முடிந்தபின் அறுவையைத் தேர்ந்தவர்கள் முதல் குழுவில் 20 சதவீதம், மறு குழுவில் 63 சதவீதம். ஆகச் சுமை முக்கியம். 2016-இல் லிட்டில்வுட் குழுவினர் 86 பேரிடம், சுமையேற்றிய ஒரே ஒரு பயிற்சியை வீட்டில் செய்வதையும் வழக்கமான பிசியோ சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. ஆகப் பயிற்சிகளின் எண்ணிக்கை முக்கியமில்லை. 2021-இல் டென்மார்க்கில் கிளாவ்சன் குழுவினர் 200 பேரில் ஒரு பாதிக்கு, வழக்கமான சிகிச்சைக்கு மேலே பெரிய அளவில் வலுவூட்டும் பயிற்சியைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் கிடைக்கவில்லை. சுமை நல்லது என்பதற்காக மேலே மேலே கூட்டிக்கொண்டே போவதிலும் அர்த்தமில்லை என்று இதைப் படிக்கிறேன்.

அமெரிக்காவின் மூன் என்ற ஆய்வுக் கூட்டமைப்பினர், விபத்தில்லாமல் ஏற்பட்ட முழுக் கிழிசல் உள்ள 452 பேரைப் பிசியோவில் சேர்த்துத் தொடர்ந்தார்கள். இரண்டாண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் முதல் 12 வாரத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். யார் போவார்கள் என்பதை எது முன்கூட்டிச் சொன்னது என்று தேடியபோது, கிழிசலின் அளவோ வலியின் கடுமையோ முன்னால் நிற்கவில்லை. 'பிசியோவால் எனக்குக் குணமாகாது' என்ற எதிர்பார்ப்புதான் முன்னால் நின்றது. அந்த எதிர்பார்ப்பை யார் உண்டாக்குகிறார்கள்? ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நாம் உச்சுக்கொட்டுகிற அந்த ஒரு நொடிக்கும் அதில் பங்கு இருக்கிறது. 'உரசுது', 'நைஞ்சிருக்கு', 'கையை ரொம்பத் தூக்காதீங்க' என்ற சொற்களும் மருந்தைப் போலவே வேலை செய்கின்றன, தவறான திசையில்.

ஒரு பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்த்தால்

ஒருக்களித்துப் படுத்துக் கையை வெளிப்பக்கமாகத் திருப்பும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர் என்ற பின்பக்கத் தசைகளை நன்றாக வேலைவாங்கும் பயிற்சி இது. வலியில்லாத தோள் கீழே இருக்கும்படி படுக்க வேண்டும். மேலே இருக்கும் கையின் முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கி, முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே நான்காக மடித்த ஒரு துண்டை வைக்க வேண்டும். துண்டு இல்லாவிட்டால் கை உடம்போடு அழுந்திக்கொள்ளும், தோளை மூடியிருக்கும் பெரிய தசையான டெல்டாய்டு வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். அரை கிலோ டம்பெல் போதும்; அதுவும் முடியாதவர்கள் வெறும் கையோடு தொடங்கலாம். முன்கையை மேலே திருப்ப ஒரு விநாடி. இறக்க மூன்று விநாடி. 15 முறை, மூன்று சுற்று, காலையும் மாலையும்.

தவறுகள் எப்போதும் அதே நான்கு இடங்களில்தான் நடக்கும். மணிக்கட்டு பின்னால் வளையும். பார்வைக்குக் கை திரும்பியதுபோல இருக்கும், தோள் திரும்பியிருக்காது. உடம்பு பின்பக்கமாகச் சாயும். முழங்கை துண்டை விட்டு எழும்பும். தோள் காதை நோக்கி ஏறும். நான்குக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: எடை அதிகம். எடையைக் குறைத்தால் நான்கும் தாமாகச் சரியாகும். வாயால் திருத்திக்கொண்டே இருப்பதைவிட அது நல்லது.

வலியைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 'வலித்தால் நிறுத்திவிடுங்கள்' என்று சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். ஹோல்ம்கிரென் குழுவினர் பயன்படுத்திய கணக்கு எளிது: பத்துக்கு ஐந்து வரை வலி வரலாம், அடுத்த முறை பயிற்சி செய்வதற்குள் அந்தக் கூடுதல் வலி பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் எடையைக் குறைக்கலாம், பயிற்சியை விட வேண்டாம். 15 முறை மூன்று சுற்றும் சுலபமாகி, இன்னும் இரண்டு செய்ய முடியும் என்று தோன்றினால் அரை கிலோ கூட்டலாம். நின்றுகொண்டு கையைத் தூக்கும் பயிற்சியில் கட்டைவிரல் மேலே பார்க்க இருக்கட்டும். கை நேர்ப்பக்கவாட்டில் போகாமல் முப்பது டிகிரி முன்னால் தள்ளி எழும்பட்டும். கட்டைவிரலைக் கீழே பார்க்கவைத்துத் தூக்கும் பழைய முறை அதே தசையைத்தான் வேலைவாங்குகிறது, வலியை மட்டும் கூட்டுகிறது.

மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் ஆட்கள் கைவிடுகிறார்கள். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் மாறும். கணக்கு 12 வாரம். அதற்குள் எந்த வரிசையில் முன்னேற்றம் தெரியும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வழக்கமாக முதலில் இரவுத் தூக்கம் திரும்பும். பிறகு சட்டைக்குள் கை நுழைப்பது சுலபமாகும். தலைக்கு மேலே எடையோடு தூக்குவது கடைசியில்தான் வரும். இது தெரியாதவர் கடைசியில் வர வேண்டியதை முதலில் தேடிப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். மின்சாரக் கருவிகளைப் பற்றி ஒரு வரி போதும்: 2007-இல் 221 பேரிடம் நடந்த ஆய்வில், தோளில் உண்மையான அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கும், கருவியை அணைத்து வைத்துத் தேய்த்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்தப் பேச்சு பொருந்தாத தோள்கள்

மேலே சொன்ன பொறுமை எல்லாத் தோளுக்கும் உரியதல்ல. விழுந்ததும் அந்த நொடியிலிருந்தே கையைத் தூக்க முடியாமல் போனால், எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரே சொன்னாலும், கஃப் முழுசாக அறுந்திருக்கிறதா என்று சீக்கிரம் பார்த்தாக வேண்டும். அறுந்த தசைநாண் உள்ளே பின்வாங்கும், தசைக்குள் கொழுப்பு ஏறும். பிறகு தைப்பதற்கே நல்ல திசு மிஞ்சாது. அங்கே '12 வாரம் பயிற்சி செய்து பார்ப்போம்' என்பது கெடுதல். மூட்டு நழுவிய தோளில் வயதுதான் பேசும். இருபதை ஒட்டிய வயதில் முதல் முறை நழுவினால் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். நாற்பதைத் தாண்டியவருக்குக் கஃப் கிழிந்ததா, டெல்டாய்டுக்குப் போகும் ஆக்சிலரி நரம்பு அடிபட்டதா என்பதே முதல் கவலை. தைத்த தோளுக்கு நான்கு முதல் ஆறு வாரம் கையைத் தாங்கும் தூளி (ஸ்லிங்), வலுவூட்டும் பயிற்சி 12 வாரத்துக்குப் பிறகு. அதில் ஆபத்தான கட்டம், வலி குறைந்து தையல் இன்னும் பலப்படாத இரண்டாம், மூன்றாம் மாதம்.

ஃப்ரோஸன் ஷோல்டர், அதாவது தோள் இறுகிப்போவது, வேறு கதை. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, நோயாளி தளர்வாக இருக்க, நாம் முன்கையை வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் சுவரில் முட்டியதுபோல நின்றுவிட்டால், எக்ஸ்ரேயில் தேய்மானமோ நழுவலோ இல்லாவிட்டால், மூட்டுறை சுருங்கியிருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். இங்கே முரட்டுத்தனமாக இழுத்துவிடுவது உதவாது. 2004-இல் டீர்க்ஸ், ஸ்டீவன்ஸ் இருவரும் 77 பேரிடம் ஒப்பிட்டபோது, வலி விடுகிற அளவுக்குள் கையைப் பயன்படுத்தச் சொல்லிவிடப்பட்டவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டாண்டில் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பினார்கள். வலியைத் தாண்டித் தீவிரமாக இழுக்கப்பட்டவர்களில் 63 சதவீதம்தான்.

சாதாரணத் தோள்வலிக்கு, கிராஸ்ப் காட்டிய அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கலாம்? என் கணக்கில் முதல் இருபது நிமிடம் கேட்பதற்கு: எப்போது தொடங்கியது, எந்த வேலை நின்றுபோனது, ரிப்போர்ட்டைப் பற்றி யார் என்ன சொன்னார்கள். அடுத்த பதினைந்து நிமிடம் கையைத் தொட்டுப் பரிசோதிப்பதற்கு. பிறகு, வலியில்லாதவர்களின் ஸ்கேன் கணக்கைச் சொல்லி, 'இந்தக் கிழிசல் இருந்தபடியே உங்கள் கை தூக்க வரும்' என்பதை அவர் நம்பும் வரை பேச வேண்டும். மிச்ச நேரத்தில் ஒரு பயிற்சி, அதிகம் போனால் இரண்டு. அவரே செய்து காட்டட்டும், நாம் எடையை மட்டும் மாற்றிக் கொடுப்போம். கிளம்பும் முன் ஒரு தாளில் மூன்றை எழுதித் தர வேண்டும்: இன்று எத்தனை கிலோவோடு எத்தனை முறை செய்தார், நேற்று இரவு எத்தனை முறை வலியில் விழித்தார், முதுகுப்பக்கமாகக் கட்டைவிரல் எதுவரை எட்டியது. அதற்குக் கீழே, ஆறு வாரம் கழித்து வர வேண்டிய தேதி.